ரேவதியின் ராஜினாமா

பங்குனி, வெள்ளி இரவு. திருக்கோகர்ணம்.

ரேவதியின் வேலையை அவளுடைய அப்பாதான் கெடுக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவே இல்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் இவராகவே, "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைக்குப் போகாதுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், சீர்வரிசையில் இன்னொரு தட்டைச் சேர்த்து வைப்பது போல.

இன்று எனக்கும் ரேவதிக்கும் பதவி உயர்வு வந்தது. போன வருடம் ஒன்றாகத்தான், ஒரு கம்பெனியின் விற்பனைக் கணக்கை வீட்டிலிருந்தே அலசும் டேட்டா அனலிஸ்ட் வேலையில் சேர்ந்தோம். எங்கள் வீட்டு மாடியில் ஒரே மேசை, ஆளுக்கொரு லேப்டாப். என் முதல் ரிப்போர்ட்டில் விற்பனை இரண்டு மடங்காக வந்ததும் நான் துள்ளினேன். அவள் எட்டிப் பார்த்து, "அடியே, ஒரே பில்ல ரெண்டு தடவ கூட்டி வச்சிருக்க. கம்பெனிக்காரன் ஒனக்குக் கோயில் கட்டப்போறான்" என்றாள். அன்றிலிருந்து அவள் பார்க்காமல் நான் எதையும் அனுப்பியதில்லை. எனக்கு வேலை தெரியும் என்றால் அதில் பாதி அவள் கண்.

சாயங்காலம் பால்கோவாவோடு வந்தாள். என் வாயில் திணித்துவிட்டுச் சொன்னாள்: "திங்கக்கிழமை ராஜினாமா அனுப்புறேன். இனிமே ஒன் தப்ப நீயே பாத்துக்க."

"மாப்பிள்ளை என்னடி சொல்றாரு?"

"அவருகிட்ட யாரு கேட்டா? அப்பா குடுத்த வாக்கு போயிருமாம்."

வாக்கு போகக் கூடாதாம். இவள் வேலை போகலாமாம். சிரித்துக்கொண்டே சொல்கிறாள், கழுதை.

சாப்பிடும் முன்பே அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இப்போது அதையே திரும்பவும் அனுப்புகிறேன்:

"ராஜினாமாவ அனுப்பாத. மொதல்ல மாப்பிள்ளைகிட்ட நீயே கேளு. கேப்பியா, மாட்டியா?"