வேகம் நாற்பத்தைந்து

தேக்கா,
3 மார்ச் 2025

அன்புள்ள மதுராவுக்கு,

வெள்ளை உறையில் ஓர் இசைத்தட்டு அனுப்பியிருக்கிறேன். உன் அப்பாவின் ரெக்கார்ட் பிளேயர் இன்னும் ஓடுகிறதல்லவா?

வாப்பாவின் தையல்கடை மாடியில் மாதம் ஒருமுறை நான் நடத்தும் கூட்டம் உனக்குத் தெரியும். எந்த நிறுவனமும் பின்னால் இல்லாமல், புதிதாக எதையாவது செய்து பார்க்கும் பாப், ராக் குழுக்களைத்தான் அறிமுகப்படுத்துகிறேன். இவற்றைக் கேட்டே பழகாத ஒருவர், குழுவின் பெயர் தெரியாமல் கேட்டு, கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதை வாசித்த பிறகே பாட்டைப் போடுவோம். இந்த முறை நீ எழுது. போனில் கேட்டால் "நல்லாயிருக்கு லா" என்று தப்பித்துவிடுவாய்.

போன வருடம் கோவிந்தசாமி என்ற ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், "இது பாட்டா, லிஃப்ட் ரிப்பேரா?" என்று எழுதிக் கொடுத்தார். இப்போது முன்வரிசையில் இடம் பிடிக்கிறார்.

வைஷாலியைப் பற்றிப் பேசக் கூடாது என்றாய். பேசவில்லை.

உன்
ருக்ஸானா


ஈசூன்,
8 மார்ச் 2025

அன்புள்ள ருக்ஸானா,

நலம். உன் கையெழுத்து பல்கலைக்கழக விடுதியில் இருந்ததைவிட மோசமாகியிருக்கிறது.

புள்ளியியல் கற்பிக்கிறவளிடம் பாட்டுக்கு அறிமுகம் கேட்கிறாய். வித்தியாசமாக இருந்தாலே நல்லது என்று கைதட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை. பாடப் போகிறேன் என்று என் மகள் வங்கி வேலையை விட்டபோதும் இதைத்தான் சொன்னேன். "ஒரு தடவ கேட்டுட்டுத் திட்டுங்கம்மா" என்றாள். நான் கேட்கவில்லை. அவள் கேலாங்குக்குக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. தீபாவளிக்கு வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறாள். பார், நீ பேசாததை நானே பேசிவிட்டேன்.

தட்டை நான்கு முறை கேட்டேன். நீ கேட்ட பக்கம்:

"பாடுகிறவர் நடுவயது ஆண். அவருக்கு அவசரமே இல்லை. யாரையும் மயக்கப் பார்க்கவில்லை. கிட்டார் ஒரே சுரத்தில் நின்றுவிடுகிறது. சலிப்புத் தட்டும் நேரத்தில் தூரத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. மூன்று முறை. நான்காவதற்குக் காத்திருந்தேன், வரவில்லை. காத்திருக்க வைத்ததுதான் பாட்டு என்று அப்புறம் புரிந்தது. இவர் வீட்டில் யாராவது இதைக் கேட்டார்களா தெரியாது. கேட்டிருக்க வேண்டும்."

அன்புடன்,
மதுரா


தேக்கா,
12 மார்ச் 2025

மதுரா,

உன் பக்கத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு பயந்தேன்.

அந்தத் தட்டில் நடுவயது ஆண் யாரும் இல்லை. அது நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டு. உன் பிளேயர் 33-இல் இருந்திருக்கிறது. மெதுவாகச் சுற்றியதில் குரல் தடித்துப் போயிருக்கிறது.

பாடுவது வைஷாலி.

முதல் வரியிலேயே கண்டுபிடித்து என்னைத் திட்டுவாய், திட்டிக்கொண்டாவது முழுவதையும் கேட்பாய் என்று நினைத்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது. 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவள் குழு இங்கே வருகிறது. இதுதான் அவர்களுடைய முதல் தட்டு. யாரோ ஒருவர் என்ன எழுதினார் என்று கேட்கக் காத்திருப்பாள். நீ வேண்டாம் என்றால் வேறொருவரை எழுதச் சொல்கிறேன்.

உன்னை ஏமாற்றியது என் தவறு. முப்பது வருட நட்பை இதற்காக முறித்துவிடாதேடி.

ருக்ஸானா


ஈசூன்,
16 மார்ச் 2025

அன்புள்ள ருக்ஸானா,

நீ செய்தது ஏமாற்று வேலைதான். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

குமிழை 45-க்குத் திருப்பினேன். முதல் வரியிலேயே அவள். முன்பே சரியான வேகத்தில் கேட்டிருந்தால் ஊசியைத் தூக்கியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

கப்பல் என்று எழுதினேனே, அது என் குக்கர். வீட்டை விட்டுப் போவதற்கு முந்தைய வாரம் சமையலறையில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். "என்ன செய்யிற?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, நீங்க சமைங்க" என்றாள். மூன்று விசில். பருப்புக்கு நான் மூன்றுக்கு மேல் விடுவதில்லை.

வேறு யாரையும் எழுதச் சொல்லாதே. என் பக்கத்தை நானே வந்து வாசிக்கிறேன். "நடுவயது ஆண்" என்பதை அடித்து "என் மகள்" என்று எழுதியிருக்கிறேன். கப்பலை அப்படியே விட்டுவிட்டேன். அது என்னவென்று அவளே எல்லோருக்கும் சொல்லட்டும். மற்றபடி ஒரு சொல்லும் மாறவில்லை. பெற்றவள் புகழ்கிறாள் என்று யாரும் தள்ளிவிட முடியாது. யாரென்று தெரியாமல்தான் எழுதினேன்.

முன்வரிசையில் கோவிந்தசாமியை ஓர் இருக்கை தள்ளி உட்காரச் சொல்.

மதுரா