சிவப்பு மை விட்ட பிழை

மார்ச் 3

அன்புள்ள சிவப்பு மைக்கு,

நலம்தானே? இங்கே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆவி. வெள்ளை விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தால் மேகத்தை மடிப்பதுபோல் கண் சொக்குகிறது. உங்களை விட்டு வந்து இரண்டு வருடம் ஓடியதே தெரியவில்லை.

மேற்பார்வையாளர் வேலை காலியாகிறது. நிரந்தர வேலை. கிடைத்தால் இங்கேயே இருந்துவிடுவேன். ஆங்கில விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், திருத்தி அனுப்புங்கள். விருந்தாளிகள் முன்னால் பெண்டாட்டியின் ஆங்கிலத்தைத் திருத்தித் திருத்தி அழவைத்த ஆள்தானே, இப்போதாவது உதவுங்கள்.

அவசரக்காரி

மார்ச் 14

என் அவசரக்காரிக்கு,

பதினோரு பிழைகள். ‘சின்ஸ் டூ இயர்ஸ்’ இல்லை, ‘ஃபார் டூ இயர்ஸ்’. ‘டிஸ்கஸ்’ போதும், பின்னால் ‘அபவுட்’ வேண்டாம். ‘ரிட்டர்ன்’ என்றாலே திரும்பி வருவதுதான், ‘பேக்’ எதற்கு? அச்சகத்தில் பிழை திருத்தும் மேசையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சிவப்பு மை

மார்ச் 16

அவசரக்காரி,

பட்டப்பகலில் கனவு காண்கிறேன். நீ வாசலில் நிற்கிறாய், என் பேனாவில் மை இல்லை.

பன்னிரண்டாவது பிழை ஒன்று இருந்தது. பார்த்தும் விட்டுவிட்டேன். ‘ஐ ஒர்க் ஹார்ட்லி’ என்று எழுதியிருக்கிறாய். கடுமையாக உழைக்கிறேன் என்று நினைத்துத்தானே? அதற்கு அர்த்தம், ‘நான் வேலையே செய்வதில்லை’. வெறும் ‘ஹார்ட்’ போதும். அந்த ‘லி’யால் வேலை கைநழுவும், நீ வந்துவிடுவாய் என்று ஒரு நப்பாசை. உடனே அடித்துவிடு. நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

சிவப்பு மை

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டாவது கடிதம் நேற்றுத்தான் வந்தது. விண்ணப்பம் கொடுத்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

பதறாதீர்கள். கொடுக்கும் முன் வாய்விட்டுப் படித்தேன். கூட வேலை செய்கிறவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏன்டி, வேலையே செய்யறதில்லன்னு நீயே எழுதிக் குடுக்கறியே!”

கமா கோணினாலே மூக்கு சிவக்கிற ஆள் நீங்கள். தெரியாமல் விட்டிருக்க முடியாது. முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு விரிப்புக் குவியலில் முகம் புதைத்து அழுதேன். கல்யாணமான ஒன்பது வருடத்தில் நீங்கள் திருத்தாமல் விட்ட ஒரே வார்த்தை அதுதான்.

‘லி’யை நானே அடித்தேன். வேலை கிடைத்துவிட்டது. நான் திரும்பி வரப்போவதில்லை.

இங்கே ஓர் அச்சகத்தில் பிழை திருத்த ஆள் தேடுகிறார்கள். விண்ணப்பம் எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் திருத்தித் தருகிறேன்.

உங்கள் அவசரக்காரி