விசாரணைக்கு நீ வருவதற்கு முன்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலமாக இருக்கிறோம். நீ, என் மருமகள், பேரன் எல்லோரும் அங்கே நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் உன் உடம்பைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, உன் தொண்டை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று இந்த வாரம் என் காதாலேயே கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை பேசி, கடைசியில் தப்பு என்மேல்தான் என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே புக முடியாது பார், அதனால்தான். இதை ஆபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே, வீட்டில் உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பணிமனையில் இப்போது பஸ்ஸுக்கு அடியில் படுக்கும் வேலை கொடுப்பதில்லை, டயர் பக்கம் மாற்றிவிட்டார்கள். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஊர் பஸ்ஸையெல்லாம் சரி செய்கிற மனுஷன் வீட்டுக் குழாயை மட்டும் தொடமாட்டார். எனக்குக் கண்ணாடிக் கடையில் வழக்கம்போல்தான் ஓடுகிறது, பிரேம் பிடிக்கவில்லை என்று நாலு முறை மாற்றிவிட்டு முதலில் எடுத்ததையே வாங்கிப் போகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இதெல்லாம் பெரிய செய்தி என்று எழுதவில்லை, சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் என் கோபம் கொஞ்சம் அடங்கட்டும் என்று எழுதிப் பார்த்தேன். அடங்கவில்லை.

உன் தங்கச்சி சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளின் கால்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போகிறாள் என்று உனக்குத் தெரியும், நீதான் அவளுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாய், அவளும் அதைச் சொல்லாத நாள் கிடையாது. இரண்டு வாரம் முன்னால் சனிக்கிழமை ஆட்டத்தில் என்ன நடந்தது என்று அவள் உனக்குப் போனில் அழுதுகொண்டே பாதிதான் சொன்னாள். முழுதும் நான் சொல்கிறேன், நான் அங்கேதான் நின்றேன். என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போவதற்கு அவள் போடுகிற நிபந்தனை உனக்குத் தெரியாது. நான் அவள் அம்மா என்று யாரிடமும் சொல்லக்கூடாது, கைதட்டக்கூடாது, யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக்கூடாது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் யாரோ எவரோ மாதிரி நிற்க வேண்டும். நடுவர் வீட்டு ஆள் நிற்கிறது தெரிந்தால் ஒருதலைப்பட்சம் என்று கிளப்பிவிடுவார்களாம். சரி என்று வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, இந்தப் பொண்ணை எங்கேருந்துக்கா பிடிச்சாங்க, விசிலைவிடச் சின்னதா இருக்கு என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள். நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன். பெற்ற பெண்ணைக் கிண்டல் செய்கிறவள் கொடுத்த பிஸ்கட் தொண்டையில் எப்படி இறங்கும் என்று நீ நினைத்துப் பார்.

பதினெட்டு வயது ஆகாத நடுவர்கள் கையில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்பது கால்பந்துச் சங்கத்தின் விதி. இது இன்னும் சின்னப் பிள்ளை, பெரியவர்களே குரலைத் தணித்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். அர்த்தம் அப்படி, நடப்பது வேறு. அந்தப் பட்டையைப் பார்த்ததுமே சில கோச்சுகளுக்கு இன்றைக்கு யாரை மிரட்டலாம் என்று தெரிந்துவிடுகிறது. அன்று வந்தவர் ஒரு தொப்பிக்காரர். ஆட்டம் தொடங்கியதிலிருந்தே ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலை, யாராவது கண்ணாடி வாங்கிக் கொடுங்கப்பா என்று கத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரி பெண்ணைப் பார்த்து! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை முட்டி, ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு கீழே சரிந்துவிட்டான். உன் தங்கச்சி உடனே விசில் ஊதினாள். ஊதிய பிறகு, தொப்பிக்காரர் அணிப் பையன் ஒருவன் உதைத்த பந்து கோலுக்குள் போய்விட்டது. ஆட்டத்தை நிறுத்திய பிறகு விழுந்தது கோல் கிடையாது, இதைச் சொல்லிக்கொடுக்க எனக்குக்கூட ஆள் வேண்டாம். விழுந்து கிடந்தவன் யார் தெரியுமா, அவனும் அந்தத் தொப்பிக்காரருடைய அணிப் பையன்தான். அவர் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டிக்கொண்டு, ஆமாம், காலைத் தூக்கித் தாண்டிக்கொண்டு போய் உன் தங்கச்சி முகத்துக்கு நேரே நின்று கத்தினார்.

அவர் சொன்னதையெல்லாம் எழுதக் கை வரவில்லை, வீட்டுக்குப் போய் பொம்மை வெச்சு விளையாடு என்பதுதான் அதில் கௌரவமான வார்த்தை. அவள் மஞ்சள் அட்டை காட்டினாள், மனுஷன் கைதட்டினார். தன் அணிப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து, நீங்களும் தட்டுங்கடா என்றார். பத்து வயதுப் பிள்ளைகள், கோச் சொன்னால் கேட்கும், தட்டின. சிவப்பு அட்டை காட்டினாள், போகமாட்டேன் என்றார். அவள் என்ன செய்தாள் தெரியுமா, பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடு மைதானத்தில் போய் நின்றுவிட்டாள். கோச் வெளியே போகிற வரைக்கும் ஆட்டம் கிடையாது, அதுதான் விதியாம். ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு அடி நகரவில்லை. கடைசியில் பிள்ளைகளைப் பெற்றவர்களே சலித்துப்போய், சார் நீங்க போங்க சார், பிள்ளைங்க ஆடட்டும் என்று சொன்ன பிறகுதான் போனார். எனக்கு அப்போது அழுகையும் வந்தது, இவள் என் வயிற்றில் பிறந்தவள் என்று ஊர் கேட்கக் கத்தவேண்டும் போலவும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன். ஆனால் அந்த ஆள் வீட்டுக்குப் போகவில்லை. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் காத்திருந்து, அவள் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, நீ எந்த ஸ்கூல்னு எனக்குத் தெரியும், இனி எந்த மைதானத்துல நீ விசில் ஊதறேன்னு பாக்கறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் நின்றதும் கையை எடுத்துவிட்டு, சும்மா பேசிட்டு இருந்தோம்மா என்று சிரித்தார். பொறுக்கி. உன் தங்கச்சிக்குப் பூட்டில் சாவியைப் போட முடியவில்லை. நான்தான் திறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அவள் முதலில் கூப்பிட்டது உன்னைத்தான். சங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதலாமா என்று கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா, ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். ஆட்டத்துல இதெல்லாம் சகஜம்டா, தோல் கொஞ்சம் தடிமனா இருக்கணும், கோச்சுக்கும் டென்ஷன் இருக்கும்ல, ஒரு ரிப்போர்ட் போட்டு ஒரு மனுஷன் பேரைக் கெடுக்கணுமா, விட்டுடு. அண்ணன் சொன்னால் அவளுக்கு அதுக்கு மேல் பேச்சு கிடையாது. எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். அடுத்த சனிக்கிழமை வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள், மைதானத்துக்குப் போகவில்லை. எனக்கு அப்போதே மனதில் ஒன்று உறுத்தியது. சின்ன வயதில் தெருவில் எவனாவது இவளை ஒரு வார்த்தை சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவன், இப்போது எவனோ ஒரு தொப்பிக்காரன் பேர் கெடக்கூடாது என்று ஏன் இப்படி உருகுகிறான்?

என் மருமகளிடம் குறைபட்டுக்கொள்ளத்தான் போன் செய்தேன். அவள் பேரனை அடுத்த அறைக்கு அனுப்பினாள். அப்புறம், அத்தை, அவர் மேலயே ஒரு ரிப்போர்ட் இருக்கு அத்தை என்றாள். பேரனுடைய அணிக்கு நீதானே கோச், வேலை அதிகம், சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போக முடிவதில்லை என்று என்னிடம் அளந்தாயே, உன்னை மைதானத்துப் பக்கமே வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாமே. பெற்றவர்களில் யாரோ எடுத்த வீடியோவை அவள் எனக்கு அனுப்பினாள். நான்தான் கட்டாயப்படுத்தி அனுப்ப வைத்தேன், அவள்மேல் நீ ஒரு வார்த்தை பாய்ந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும், ஜாக்கிரதை. கடைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். பெனால்டி கொடுக்கவில்லை என்று கோட்டைத் தாண்டி உள்ளே போகிறாய். நடுவராக நிற்கிற பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. கையில் அதே ஊதாப் பட்டை. அவன் மூக்குக்கு நேரே விரலை நீட்டி, கையில பட்டை கட்டிட்டு வந்தா உன்னைத் தாலாட்டணுமாடா என்று கேட்கிறாய். பின்வாங்கிப் பின்வாங்கிப் போகிறான், நீ விடாமல் போகிறாய். பின்னால் என் பேரன் பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். நீ திரும்பியிருந்தால் பார்த்திருப்பாய், திரும்பவில்லை. அந்தப் பையன் இனிமேல் விசிலைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம்.

நான் அந்தத் தொப்பிக்காரரை அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன், இவனைப் பெற்றவள் எவளோ, எப்படித்தான் வளர்த்தாளோ என்று. இப்போது அதைச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது, அந்த ஆத்திரமும் உன்மேல்தான். நீ உன் தங்கச்சிக்குச் சொன்னது அண்ணன் சொல்கிற யோசனை இல்லை. ஒரு கோச் இன்னொரு கோச்சுக்கு முட்டுக்கொடுத்தது. அவள் அந்த ரிப்போர்ட்டை எழுதினால் நீ செய்ததற்கும் அதுதான் பேர் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அவள் பயத்தை உன் வசதிக்கு உபயோகப்படுத்திக்கொண்டாய். அன்று ஆட்ட வேகத்தில் கத்திவிட்டேன் என்று நீ சொன்னால் ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்கிறேன், போனில் நிதானமாக உட்கார்ந்து இதைச் சொன்னாயே, அதை நான் மன்னிக்கிறதாக இல்லை.

இனி நடக்க வேண்டியதைக் கேள். நான் அவளை மறுபடி உட்கார வைத்து ரிப்போர்ட்டை எழுத வைத்தேன், சங்கம் வைத்திருக்கிற கெடு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் வேண்டாம்னு சொன்னாரேம்மா என்றாள், அண்ணனுக்கு எல்லாம் தெரியாது என்று சமாளித்தேன். வீடியோவைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை, அவர் ஏற்கெனவே தொப்பிக்காரர் வீட்டுக்குப் போகிறேன் என்று ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கிறார். சங்கத்தில் விசாரணை வைத்திருக்கிறார்கள். அந்த ஆளும் எதிரே உட்கார்ந்திருப்பான், இவள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வயது ஆகாத பிள்ளை என்பதால் வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரலாம். நான் வரேன் என்றேன், அப்பா வரேன் என்றார். இரண்டு பேரையும் வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்கு நீ வர வேண்டுமாம். அண்ணன் பக்கத்துல உக்காந்தா அந்த ஆள் வாயே திறக்கமாட்டான்மா, அண்ணனுக்குத்தான் ஆட்டமும் தெரியும் என்கிறாள். லீவு போட்டு வரச்சொல்லி ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்யப்போகிறாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தப் பையன் வீட்டுக்குப் போ. பேரனையும் கூட்டிக்கொண்டு போ, நீ கத்தியதைப் பார்த்தவன் நீ மன்னிப்புக் கேட்பதையும் பார்க்கட்டும். டென்ஷன், சூழ்நிலை என்று ஒன்றும் சொல்லாதே, தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் சொல். அவன் அம்மா கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்டால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள், தொப்பிக்காரர் என் வாசலில் வந்து நின்றிருந்தால் நான் என்ன கேட்டிருப்பேனோ அதைத்தான் அந்தம்மாவும் கேட்பாள். அவன் மறுபடி விசிலைத் தொடுவானா மாட்டானா என்பது அவன் இஷ்டம், அதைப் பற்றி நீ பேசாதே. திரும்பி வந்த பிறகு உன் தங்கச்சி கூப்பிடுவாள், அவளிடம் நீயே உன் வாயால் எல்லாவற்றையும் சொல். கேட்டுவிட்டும் அவள் நீ வா என்றால் வா. வேண்டாம் என்றால் உனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள், நான் உனக்காக அவளிடம் ஒரு வார்த்தை பரிந்து பேசமாட்டேன். நீ சொல்லாமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த அறையிலேயே எல்லோர் முன்னாலும் நான் சொல்வேன். நான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

மருமகள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், பேரன் நல்ல மனுஷனாக வளரட்டும், இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம். உனக்கானது என்னிடமே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்கிற மாதிரி நடந்துகொள். பேரனுக்கு இருமல் என்றாளே, குளிர்ந்த தண்ணீர் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே. இதை எழுதும்போது உன் தங்கச்சி வந்து எட்டிப் பார்த்தாள், சட்டென்று கையால் மறைத்துக்கொண்டேன். அண்ணனுக்கா எழுதறே, என் அன்பையும் போடும்மா, அண்ணன் இருக்கறதாலதான் எனக்குப் பயமே இல்லைன்னு எழுதும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா