கதவு வரை

செவ்வாய், இரவு.

கணினியில் கணக்குப் போட்டு நான் பற்றவைக்கும் பொலபொலத்த வெடிமருந்து இதுவரை எரிந்து அணைந்துதான் போயிருக்கிறது. இன்று மதியம் முதல் தடவையாக, எரிந்துகொண்டிருந்தது வெடிப்பாக மாறியது. கணக்கு சரியாகிவிட்டது என்று ஆய்வகத்தில் கைதட்டி, பஜ்ஜி வாங்கினார்கள். நான் திரையில் அந்த வெடிப்பின் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். தீப்பிடித்ததற்கும் வெடித்ததற்கும் நடுவில் ஓர் ஆள் கதவு வரை போக முடியுமா? கண் சிமிட்டக்கூட நேரமில்லை.

ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் வீட்டுக்காரர் போன் செய்தார். துறையூர்ப் பக்கம் வெடிமருந்து ஆலையில் இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட்.

“ஜாக்கிரதையா இருங்க” என்றேன்.

“நாங்க கதவைச் சாத்துறதே இல்லம்மா. தீப்பிடிச்சா ஓடி வந்துருவோம்ல” என்று சிரித்தார்.

சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். ரசம் சாதம் என்றார். சரிங்க என்றேன்.