சிமெண்டுத் துரியோதனன்

அன்புள்ள பிரபாவதிக்கு,

மஸ்கட்டில் நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

"திருவிழா நல்லா முடிஞ்சிதுங்க" என்று போனில் சொன்னாய். நேற்று சக்கரபாணி அண்ணன், பாரதக் கூத்தின் கடைசி நாள் படுகளத்து வீடியோ அனுப்பினார். வருஷா வருஷம் களிமண்ணில் படுக்கவைக்கும் துரியோதனனை இந்தத் தடவை விழுப்புரத்து ஆட்களை வைத்துச் சிமெண்டிலேயே கட்டிவிட்டார்களே! மீசையும் கிரீடமும் பெயிண்டில் பளபளக்கின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், அழகுதான். கூத்தில் பீமன் அவன் தொடையை அடித்து முடித்ததும், கடலைக் கொல்லையில் போட அவன் உடம்பு மண்ணை அள்ளுவதற்கு எப்போதும்போல் நீங்களெல்லாம் ஓடினீர்கள். அள்ள மண் இல்லை.

"இன்னாங்கடா இது, இந்த மண்ணைப் போடாம மல்லாட்டை எப்படிடா வெளையும்?" என்று ராஜாமணி பெரியம்மா கத்துகிறார். நீ குனிந்து அந்தத் தொடையை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாய். பிறகு வெறும் முந்தானையை உதறிவிட்டுத் திரும்புகிறாய்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? நானும் ஒன்று சொல்லவில்லை. தீபாவளிக்கும் லீவு கிடையாதாம். அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் தமிழ்மணி திரும்பும்போது கேப்பை மாவும் ஒரு கைலியும் கொடுத்தனுப்பு. போன வருஷம் நீ அள்ளிவந்த படுகளத்து மண், பானையில் மிச்சமிருந்தால் ஒரு சிட்டிகை மடித்து வை. இங்கே விதைக்க ஒன்றுமில்லை, சும்மாதான்.

வண்டி வந்துவிட்டது, தமிழ்மணி அவசரப்படுத்துகிறான். அடுத்த வருஷம் அந்தத் துரியோதனனை இடித்துவிட்டு மண்ணில் செய்வார்கள் என்று காத்திருக்காதே, பிரபா. நான் இங்கே தினமும் கலக்குவதும் அதே சிமெண்டுதான். நம் காலத்துக்குப் பிறகும் அது அப்படியே கிடக்கும்.

தென்னரசு