அந்த அறிக்கையில் உன் பெயர் வேண்டாம்

என் செல்லத் தம்பி முகிலா,

மோட்டார் சைக்கிளில் அடிபட்டு நீ போன பதினாறாம் நாள், நம் ஆபீஸ் முதலாளி போஸ், ரெம்பியாவில் இருக்கிற நம் வீட்டுக்கே வந்தார், மாலையும் பழமுமாக. "டயாலிசிஸ் சென்டர் ஏர்கோன் ரிப்போர்ட்ட முகிலன் பேர்லயே அனுப்புறோம்மா. அவன் கடைசியா செஞ்ச வேல லா" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

லீவு முடிந்து ஆயர் குரோவில் இருக்கிற நம் ஆபீசுக்குப் போய் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தேன். கம்ப்யூட்டரில் நீ மாடல் செய்த குளிர்நீர்த் தொட்டி அதில் இல்லை, தம்பி. அடியில் குளிர்ந்த தண்ணீர், கட்டடத்தைச் சுற்றிச் சூடேறித் திரும்பும் தண்ணீர் மேலே, நடுவில் இரண்டும் மெல்லக் கலப்பது என்று அடுக்கடுக்காகப் போட்டிருந்தாய். குழாய்ச் சுற்றில் பம்ப் ஏற்றும் சூட்டைக்கூட விடவில்லை. போஸ் அந்தக் கலப்பதையே கணக்கில் இல்லாமல் செய்துவிட்டார். வெளிச் சூடும் தொட்டிக்குள் போகாதாம், மலாக்கா வெயிலில்! அப்படிக் காட்டினால்தானே தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் மெஷினில் ஒன்றைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம்?

நாளைக்கு அங்கே குளிர் போதாமல், ஊசி குத்தியபடி மணிக்கணக்காக அசையாமல் கிடக்கிறவர்கள் வேர்த்து நனைந்தால் யாரைக் கேட்பார்கள்? முதல் பக்கத்தில் பெயர் இருக்கிறவனை. "செஞ்சவன் செத்துட்டான்" என்று இவர் கையை விரிப்பார். இதற்குத்தானா அந்த மாலை?

போஸிடமே நேரே போய்க் கேட்டேன். "நீ பைப் வரையிற ஆளு, மாடல்ல ஏன் தலயிடுற? அம்மா சந்தோஷமா இருக்காங்க, விடு லா" என்றார். அம்மாவை இழுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் மேலும் கோபம்தான். "போஸ் நல்லவரு, அக்கா, நீதான் சும்மா சந்தேகப்படுற" என்று எத்தனை தடவை என் வாயை அடைத்திருப்பாய்! இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

அடுத்த கூட்டத்தில், சென்டர்காரர்கள் முன்னாலேயே உன் மாடலை ஓடவிட்டேன், போஸ் சொன்ன சில்லர்களை மட்டும் வைத்து. பிற்பகலிலேயே தொட்டியில் குளிர் தீர்ந்துவிட்டது. போஸ் முகம் செத்துப்போனது. "இதுதான் என் தம்பி செஞ்சது. உங்க கையில இருக்கிறது அவனோடது இல்ல. அவன் பேர எடுங்க" என்றேன்.

சென்டர்காரர்கள் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் பெயரை எடுத்தாயிற்று. என் வேலையும் போயிற்று. அதுகூடப் பெரிதில்லை. "புள்ளைக்குக் கெடச்ச ஒரே மரியாதையையும் பிடுங்கிட்டியேடி" என்று அம்மா கத்தினாள். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். தொட்டி, சில்லர் என்று நான் சொல்வது அவளுக்குப் புரியவில்லையா, புரிந்துகொள்ள மனசு வரவில்லையா?

அவளுக்குப் புரியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன். புரியாமலே போனாலும் உன் பெயரை அதில் திரும்பப் போட விடமாட்டேன். நீ செய்யாததற்கு உன்னை ஒருத்தரும் ஏசக்கூடாது. ஏசுவதென்றால், உயிரோடு இருக்கிற என்னை ஏசட்டும்.

கோபம் ஆறாத,
உன் கூடப்பிறந்த அக்கா