ஆளில்லா மதகடி வீடு

மழை பொய்யாது வளம் பெருகுக. ஏழ்குன்ற வளநாட்டை ஆளும் ஏரிகாத்த பெருமாட்டி இளம்பிறைக்கோதை, பேரேரி மதகுநாயகமாய் இருந்த திருவேகம்பருக்கு விடுக்கும் ஓலை. உம் மாமனார் ஊராகிய மேட்டுக்குறிச்சியும் அதன் ஆவும் குடியும் வாழ்க. நீர் அங்கே நலமாயிருப்பதை அறிந்தோம். அறிந்ததே எம் துயரம்.

நாம் இருவரும் ஒருதாய்ப் பாலுண்டு வளர்ந்த உரிமை கருதியே பேரேரியின் மதகை உம்மிடம் ஒப்புவித்தோம். கதவைத் தூக்கும் உருளையின் அச்சாகிய இருசு பார்வைக்கு நன்றாயிருப்பினும், மழைக்கு முன் அதைக் கழற்றித் தேய்வு பார்த்து, கீறல் கண்டால் முறியுமுன் மாற்றுக என்பது முன்னோர் வகுத்த முறை. மதகுநாயகம் குடும்பத்தோடு மதகடியிலேயே குடியிருக்க வேண்டும் என்பதும் அம்முறையே. தன் பிள்ளை உறங்கும் இடத்துக்கு மேலுள்ள இருசை எவனும் பாராதிரான் என்று எண்ணினார்கள். பாவம், உம்மை அவர்கள் அறியார்.

நீர் செய்ததென்ன? பூசை நாளில் இருசு முழுதும் சந்தனம் அப்பிக் காப்புக் கயிறு கட்டினீர். கழற்றிப் பார்க்க வந்த தச்சரை, காப்புக் கட்டியபின் கைவைப்பது தெய்வக்குற்றம் என்று திருப்பியனுப்பினீர். மதகுக்கு ஒரு குறையுமில்லை என்று எமக்குச் சொல்லியனுப்பினீர். யாமும் நம்பினோம், எம் சொல்லை நம்பி, ஏரிக்கரைக்குக் கீழுள்ள நெசவாளர் தெருவும் இடம்பெயராதிருந்தது. வெள்ளம் வந்தபோது ஆட்கள் கதவைத் தூக்குகையில் இருசு முறிந்தது. கதவு கோணிச் சிக்க, போக்கில்லாத நீர் கரையை உடைத்தது. தெருவே போயிற்று.

உம் வீடும் போனது கண்டு, ஐயோ, அண்ணனைப் பறிகொடுத்தோமே என்று மார்பிலடித்து அழுதோம். அணி களைந்தோம், உண்ணாதிருந்தோம், உமக்கு நீர்க்கடன் செய்யவும் ஆயத்தமானோம். அப்போதுதான் மேட்டுக்குறிச்சியார் வந்து, நீர் மழைக்கு முன்பே மனைவி மக்களோடும் பசுவோடும், அம்மிக்கல்லையும் வண்டியிலேற்றி வந்து சேர்ந்ததாக உரைத்தனர்.

அம்மிக்கல்லுமா, ஏகம்பரே? அப்படியாயின் கீறலை அறிந்தே இருந்தீர். கழற்றினால் பாசனம் நிற்கும், தடையின்றி ஓடிய மதகு என்னும் பட்டம் கைநழுவும் என்றா மறைத்தீர்? உம் அம்மிக்கு இரங்கிய அளவேனும் அத்தெருக் குழந்தைகளுக்கு இரங்கவில்லையே! நெஞ்சு பொறுக்கவில்லை.

இனி மதகுநாயகம், பெற்ற பிள்ளைகளை அவ்வெள்ளத்தில் இழந்த நெசவாட்டி உமையாள். திங்கள்தோறும் இருசைக் கழற்றிப் பார்ப்பது அவர் பொறுப்பு. மதகடியில் புதுவீடு எழுப்பியுள்ளோம். மனைவி மக்களை மேட்டிலேயே விட்டு, நீர் மட்டும் வந்து ஆயுள்முழுதும் அதில் குடியிருப்பீராக. கீழே குடியிருப்பவர் நீர் என்பதால் கை தளருமோ என்று உமையாளிடமே கேட்டோம். தன் வீட்டில் நேர்ந்தது எவர் வீட்டிலும், உம் வீட்டிலும்கூட, நேரவிடேன் என்றார். அத்தெரு உம்மை நம்பி உறங்கியதுபோல், நீர் அவரை நம்பி உறங்குவீராக.

இஃது எம் ஆணை, மீறுதல் கூடாது. கயல் இலச்சினை பொறித்தோம். எம் ஓலைகளில் அண்ணன் என்று எழுதிவந்த இடத்தில், இம்முறை உம் பெயரை மட்டும் எழுதியுள்ளோம்.